கிணத்துக் கேசட்

“ஊதுனது போதும் மாப்ள. இன்னும் ஊதுனா கேசட்டு பறந்துரும்,” என்றான் ஆட்டோ ஓட்டும் ஆண்டிச்சாமி.

ராம்கி காதில் வாங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்ப, கேசட்டின் அடியில் இன்னொரு தடவை ஊதி, டிவி கேம் பெட்டியில் செருகி, பட்டனைத் தட்டினான். டிவியில் நீச்சல் குளம் வந்தது. குளத்துக்கு மேலே பலகை வந்தது. பலகை நுனியில் சிவப்பு ஜட்டி போட்ட மனுசன் ஒருத்தன் வந்து நின்றான். கரடி மட்டும் வரவில்லை.

“எங்கடா கரடி?”

“நாகமலையில வருதே! சாய்குமார் கடையில, இதே கேமு. பலகையில ஏறி, வயித்தைச் சொறிஞ்சுக்கிட்டு குதிக்குது. சவாரி இறக்கிவிடப் போனப்ப என் கண்ணால பாத்தேன்.”

“கரடி விடுறான்டா அவன்.”

“அதைத்தான மாப்ள நானும் சொல்றேன். கரடி விடுறான். கூட்டம் ரோட்டுல நிக்குது.”

ராம்கிக்கு வயிறு எரிந்தது. காளவாசலில் ஜெராக்ஸ் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே அவன் வீடியோ கேம் கடை போட்டு ஒரு வருசம் ஆகிறது. தொண்ணூற்று எட்டாம் வருசத்து மதுரையில் அதற்கெல்லாம் கூட்டம் அலைமோதிய காலம். அப்படி மோதிய அலை ரெண்டு வாரமாக அப்படியே நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே காலேஜ் பிள்ளைகள் வேறு அதிகம்.

கடையின் முன்பாதியில் தையல் மெசினில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி தமிழ்ச்செல்வி, ஜாக்கெட்டில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“இங்க ஈ ஓட்டுறதுக்கு, அண்ணன் கடையில போய் உரம் விக்கலாம்ல? நேத்துக்கூட போன் போட்டுச்சு. ‘மாப்ளைய வரச் சொல்லு, கடைய அவரு பொறுப்புல விடுறேன்’னுது.”

ராம்கியின் உயிர் எதற்காவது நடுங்கும் என்றால் அது பேரையூர் உரக்கடைக்குத்தான். மச்சினன் நல்லகாமன் தங்கமான மனுசன், அதில் குறையில்லை. ஆனால் ராம்கி ஒருதரம் அந்தக் கடையில் அரைநாள் உட்கார்ந்து பார்த்தவன். யூரியா வாடைக்குத் தும்ம ஆரம்பித்தவன், பஸ் ஏறி மதுரை வந்து சேரும்வரை நிறுத்தவே இல்லை. காலமெல்லாம் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பொட்டாஷ் அளப்பதா? அதற்குப் பேசாமல் வைகையில் விழுந்து சாகலாம் என்றால், அதிலும் தண்ணி கிடையாது.

“கரடியக் கொண்டு வாரேன் பாரு,” என்றான் தமிழ்ச்செல்வியிடம்.

“கொண்டாங்க, கொண்டாங்க. அதுக்கும் சேத்து உலை வைக்கிறேன்.”

இந்த இடத்தில் கேசட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடக்கிற கூத்து விளங்காது. அது ஜப்பான் கேசட்டு. மேலே ஒட்டியிருக்கிற எழுத்தில் ஒன்றுகூட ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் ‘கிணத்துக் கேசட்டு’ என்று பேர் வைத்துவிட்டார்கள். பலகையில் இருந்து குதிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். குதித்ததும் கரையில் உட்கார்ந்திருக்கிற ஐந்து நடுவர்களும் ஆளுக்கொரு அட்டையைத் தூக்குவார்கள். அட்டையில் ஒன்று வட்டம் இருக்கும், இல்லையென்றால் பெருக்கல் குறி இருக்கும்.

இதில் எது நல்லது, எது கெட்டது?

கடை திறந்த புதிதிலேயே இதற்குத் தீர்ப்புச் சொன்னவர் நாகசுப்பிரமணியன் சார். டுட்டோரியல் காலேஜில் கணக்கு வாத்தியார். சாயங்காலமானால் ராம்கி கடையில்தான் இருப்பார்.

“பத்தாங்கிளாஸ் ரூம் வாசல்ல என்ன எழுதியிருக்கும்? எக்ஸ் ஏ, எக்ஸ் பி. அப்ப எக்ஸ்னா?”

“பத்து சார்!”

“ரோமன் எண். சரி, வட்டம்னா?”

“முட்டை சார்!”

“அம்புட்டுத்தான். இதுக்குப் போய் ஜப்பான் படிக்கணுமா?”

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வராததற்கு நியாயமும் இருந்தது. ஆட்டோக்காரன், பரோட்டா மாஸ்டர், டெம்போ டிரைவர் என்று அங்கே ஆடியவர்கள் எல்லாரும் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள். கிணற்றில் சத்தமில்லாமல் ஊசி மாதிரி இறங்குகிறவனை எவன் மதிப்பான்? தொம்மென்று விழ வேண்டும். தண்ணி எகிறி, மேட்டில் நிற்கிறவன் வேட்டி நனைய வேண்டும். அவன்தான் ஆம்பளை. இந்தக் கேமிலும் சிவப்பு ஜட்டிக்காரன் வயிறடிக்க விழுந்து தண்ணி சிதறினால் நடுவர்கள் எக்ஸ் தூக்கினார்கள். அழகாகத் தலைகீழாக இறங்கினால் முட்டை காட்டினார்கள். கணக்கு அச்சாகப் பொருந்தியது. மூன்று குதி குதித்ததும் ‘கேம் ஓவர்’ வந்துவிடும். ஜப்பான்காரன் கொஞ்சம் கஞ்சன் என்று அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

அப்படி விழுந்து விழுந்தே ராம்கி காளவாசலின் முதல் ஆட்டக்காரன் ஆகியிருந்தான்.

மறுநாள் மத்தியானம் அவன் நாகமலைக்குக் கிளம்பினான். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று சித்திரை வெயிலில் குரங்குக் குல்லா ஒன்றை மாட்டிக்கொண்டு, ஆண்டிச்சாமி ஆட்டோவில் ஏறினான். சாய்குமார் கடைக் கூட்டத்துக்குள் முண்டியடித்து நுழைந்து, கடைசி வரிசையில் பதுங்கி நின்றான்.

“வாங்க ராம்கி அண்ணே,” என்றான் சாய்குமார் கல்லாவில் இருந்தபடி. “குல்லாவக் கழட்டுங்க, வேர்த்து ஊத்துது.”

சாய்குமார் பட்டு நூல்காரக் குடும்பம். அமெரிக்காவில் இருந்து அவன் அத்தான் கொண்டுவந்த பெட்டி அது. இந்தக் கேசட்டிலும் அதே குளம்தான், அதே ஜட்டிதான். ஆனால் நடுவர்கள் தூக்கிய அட்டையில் நம்பர் இருந்தது. கையை நீட்டி, உடம்பை ஒடித்து, சொட்டுத் தண்ணி தெறிக்காமல் இறங்கியவனுக்குப் பத்து, பத்து, பத்து என்று ஐந்து அட்டையும் எழுந்தன. உடனே கரடி பலகையில் ஏறியது. வயிற்றைச் சொறிந்தது. கடை அதிர்ந்தது.

அடுத்து ஒருத்தன் வயிறடிக்க விழுந்தான். ஒன்று, ஒன்று, ஒன்று.

“என்னடா இது, தலைகீழா இருக்கு?” என்றான் ராம்கி. “தொம்முன்னு விழுந்தவனுக்கு ஒண்ணா?”

“அப்பறம்? விழுந்தா ஒண்ணுதான்ணே. அழகா இறங்குனாத்தான் பத்து.”

“எங்க கேசட்டுல அப்படி இல்லையே.”

“அப்ப உங்க கேசட்டு தப்பா இருக்கும்.”

யாரைப் பார்த்து எந்த வார்த்தை? ராம்கிக்குச் சுருக்கென்று ஏறியது.

“தம்பி, அமெரிக்காக்காரன் வண்டிய எந்தப் பக்கம் ஓட்டுறான்? வலது பக்கம். சுவிட்சு? மேல தட்டுனா லைட்டு எரியுது. அவன் எல்லாத்தையும் தலைகீழாப் பண்றவன். மார்க்கையும் தலைகீழா மாத்தி வச்சிருக்கான். உன் கேசட்டுதான் டூப்ளிகேட்டு!”

“டூப்ளிகேட்டா? அண்ணே, ஞாயித்துக்கிழமை உங்க கடைக்கே வாரேன். ரெண்டு பேரும் ஆடுவோம். தோத்தவன் கடைய மூடிரணும். சம்மதமா?”

கூட்டம் முழுக்க ராம்கியைப் பார்த்தது. வாயைப் பொத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கலாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வதில் நம் ஆளுக்கு இணை கிடையாது.

“சம்மதம்!” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆமா, அந்தக் கரடி எப்படிடா வருது?” என்று கேட்டான்.

சாய்குமார் சிரித்தான். “பத்துப் பத்தா வாங்குனா தானா வரும். இல்லாட்டி, செலக்டு பட்டன அமுக்கிக்கிட்டே ஸ்டார்ட்டு குடுத்தாலும் வரும். போட்டுத்தான் பாருங்களேன்.”

ஆண்டிச்சாமி வண்டியை எடுத்தவன், வழியில் பார்த்த ஆளுக்கெல்லாம் தகவல் சொல்லிக்கொண்டே வந்தான். அவர்கள் காளவாசல் வந்து இறங்கியபோது தமிழ்ச்செல்வி ஏற்கெனவே போன் பேசி முடித்திருந்தாள்.

“அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வேனோட வருது. நீங்க தோத்தீகன்னா சாமான ஏத்திக்கிட்டு பேரையூர் போயிரணும்.”

“ஜெயிச்சேன்னா?”

“இந்த ஜென்மத்துல பேரையூர்ன்னு ஒரு ஊரு இருக்குன்னே நான் பேச மாட்டேன். அண்ணனும் கூப்பிடாது.”

ராம்கி நேராகப் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்தான். கரடியை வரவழைத்துவிட்டால் கூட்டம் திரும்பிவிடும், தெம்பு வரும். செலக்டை அமுக்கினான். ஸ்டார்ட்டைத் தட்டினான்.

குளம் வந்தது. குளத்தில் தண்ணி இல்லை.

ராம்கி கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தான். பொட்டுத் தண்ணி இல்லை. அடியில் சிமெண்டுத் தரை பளபளவென்று தெரிந்தது. சிவப்பு ஜட்டிக்காரன் குதித்தான். ‘ணங்’ என்று ஒரு சத்தம். எழுந்திருக்கவே இல்லை.

“ஆத்தாடி!” என்றான் ஆண்டிச்சாமி. “என்ன மாப்ள, குளத்த வைகையாக்கிப்புட்ட?”

அமெரிக்காக்காரன் கேசட்டில் கரடி ஒளிந்திருந்த இடத்தில் ஜப்பான்காரன் வறட்சியை ஒளித்துவைத்திருக்கிறான். இதை இவர்கள் எப்படி அறிவார்கள்? பெட்டியை நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். தண்ணி வரவில்லை. தட்டிப் பார்த்தார்கள். ஜட்டிக்காரன் மறுபடியும் ‘ணங்’ என்று விழுந்தான்.

“அழுக்கு மாப்ள. கழட்டிப் பெட்ரோல்ல கழுவுனா சரியாப் போயிரும். என் வண்டி கார்ப்பரேட்டர் அப்படித்தான் சரியாச்சு.”

கழற்றினார்கள், கழுவினார்கள். தண்ணி வந்தது. ராம்கி கையெடுத்துக் கும்பிட்டான். ஆனால் நடுவர்கள் ஐந்து பேருக்கும் தலையைக் காணோம். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, கை மட்டும் அட்டையைத் தூக்கியது.

“அட்டை தெரியுதுல்ல? தலை எதுக்கு?” என்றான் ஆண்டிச்சாமி.

“பாக்கப் பயமா இருக்குடா!”

தமிழ்ச்செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட ரப்பரால் கேசட்டின் அடிக்கம்பியைத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தான். தலை வந்துவிட்டது. குளம், பலகை, நடுவர்கள், ஜட்டி எல்லாம் பச்சையாகிவிட்டது. பாசி பிடித்த தெப்பக்குளத்தில் பச்சை மனுசன் குதிக்கிற மாதிரி இருந்தது.

“இதுக்கு மேல ஒருத்தரும் கைய வைக்கக் கூடாது,” என்று ராம்கி கேசட்டைப் பெட்டியோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவிட்டான். கடை திறந்த வாரமே எலி கடித்துக் கிடந்த ரெண்டாவது ரிமோட்டின் ஒயரை மட்டும் ஆண்டிச்சாமி முறுக்கிச் சேர்த்தான். அந்தக் கடையில் ரெண்டு பேர் ஆட்டம் என்பதே அதுவரை நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காளவாசல் பாதியும் கடைக்குள் நின்றது, மீதி வெளியே நின்றது. பேரையூர் வேன் வந்தது. நல்லகாமன் வெள்ளை வேட்டியோடு இறங்கினார். கூடவே டிரைவர் கருத்தக்கண்ணன், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். கயிற்றைப் பார்த்ததும் ராம்கிக்கு இரண்டு தும்மல் வந்தது.

“நல்லா இருக்கீகளா மாப்ள?” என்றபடி நல்லகாமன் டிவியைத் தடவிப் பார்த்தார். பெட்டியைக் குனிந்து பார்த்தார். பழைய சாமான் கடையில் போடுவதற்கு எடை பார்க்கிறார் என்று ராம்கி நினைத்துக்கொண்டான்.

“இதுல நீங்கதான் பெரிய கையாமே?” என்றார்.

“காளவாசல்ல என்னைய அடிச்சுக்க ஆளில்ல மச்சான்.”

“அப்படியா? சந்தோசம், சந்தோசம்,” என்று அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மனுசன் எதற்குச் சந்தோசப்படுகிறார் என்று ராம்கிக்கு விளங்கவில்லை.

சாய்குமார் தன் அமெரிக்கக் கேசட்டோடு வந்திருந்தான். அது ராம்கியின் பெட்டி வாயில் நுழையவில்லை. அவன் கேசட்டு அகலம், இவன் பெட்டி வாய் குறுகல். திருப்பிப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள். கடைசியில், “பரவால்லண்ணே, உங்க பச்சைக் கேசட்டுலயே ஆடுறேன்,” என்றான்.

நடுவராக நாகசுப்பிரமணியன் சார் உட்கார்ந்தார். அவரும் சாய்குமாரும் ஒரே பாஷைக்காரர்கள், சௌராஷ்டிரா. அதில் ராம்கிக்கு உள்ளூரக் கொஞ்சம் உதறல்தான்.

சாய்குமார் முதலில் குதித்தான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு குதி. பச்சை மனுசன் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி, ஊசி மாதிரி இறங்கினான். ஐந்து வட்டங்கள் எழுந்தன.

“முட்டை! முட்டை! முட்டை!” என்று காளவாசல் அலறியது. பரோட்டாக் கடை மாஸ்டர், “அஞ்சு முட்டை, ஒரு பரோட்டா!” என்று கத்தினார்.

சாய்குமார் திகைத்துப்போய்ச் சாரிடம் திரும்பினான். தங்கள் பாஷையில் படபடவென்று ஏதோ கேட்டான். சாரும் அதே பாஷையில் படபடவென்று பதில் சொன்னார்.

“ஏப்பா, ஏப்பா!” என்று ஆண்டிச்சாமி குறுக்கே பாய்ந்தான். “ரெண்டு பேரும் உங்க பாஷையில பேசுனா நாங்க என்னத்தக் கண்டோம்? சண்டைய தமிழ்ல போடுங்க!”

“வட்டம்னா சரின்னு இருக்கும் சார்ன்னு சொன்னேன்ணே,” என்றான் சாய்குமார்.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. “முட்டைன்னா சரியா? நான் எத்தனை பேப்பர் திருத்தியிருக்கேன், எத்தனை பேருக்கு முட்டை போட்டிருக்கேன்! ஒரு பயலாவது சந்தோசமா வீட்டுக்குப் போயிருக்கானா? சைபர் மார்க். அடுத்த ஆள்!”

ராம்கிக்கு உதறல் நின்றது. சொந்த பாஷைக்காரனைவிடக் கணக்கு பெரிது என்று நினைக்கிற வாத்தியார் வாழ்க.

அவன் ரிமோட்டை எடுத்தான். குலசாமியை நினைத்தான். பச்சை மனுசனைப் பலகை நுனிக்கு ஓட்டி, கையைக் காலை விரித்து, மல்லாக்கப் போட்டான் பாருங்கள் ஒரு போடு! தண்ணி டிவியின் மேல்விளிம்பு வரை எகிறியது. ஐந்து எக்ஸ். கடைக்குள் விசில் பறந்தது. ரெண்டாவது தடவை மூஞ்சியடிக்க விழுந்தான். ஐந்து எக்ஸ். மூன்றாவது தடவை பலகையிலேயே வழுக்கி, பலகையில் ஒரு அடி, தண்ணியில் ஒரு அடி என்று இரண்டு அடி வாங்கினான். ஐந்து எக்ஸ். இதுவரை அந்தக் கடையில் ஒருத்தனும் ஒரு வட்டம்கூட வாங்காமல் ஆடி முடித்ததில்லை. எப்படி விழுந்தாலும் ஏதாவதொரு நடுவர் பாவப்பட்டு ஒரு வட்டம் காட்டிவிடுவார். இன்றைக்கு அந்தப் பாவமும் இல்லை.

சாய்குமாரின் மூன்று குதியும் சுத்த முட்டை.

“நூத்தம்பதுக்குச் சைபர்,” என்று சார் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். “ராம்கி ஜெயம்!”

காளவாசல் குதித்தது. ஆண்டிச்சாமி ராம்கியைத் தூக்கினான். அப்போதுதான் டிவியில் பேண்டு வாத்தியம் முழங்கியது. ரெண்டு பேர் ஆட்டம் ஆயிற்றே, இந்தத் தடவை ‘கேம் ஓவர்’ வரவில்லை. மூன்று படி வைத்த மேடை ஒன்று வந்தது. சாய்குமாரின் மனுசன் கைகளை வீசிக்கொண்டு மேல்படியில் ஏறி நின்றான். ராம்கியின் மனுசன் கீழே மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மூஞ்சியைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

விசிலடித்தவன் விரலை வாயிலிருந்து எடுத்தான்.

“ஆனந்தக் கண்ணீரா இருக்கும்,” என்றான் ஆண்டிச்சாமி, ராம்கியைக் கீழே இறக்கியபடி.

“நான்தான் சொன்னேன்ல!” என்று சாய்குமார் துள்ளினான். “வட்டம்தான் சரி! மேல நிக்கிறது யாரு பாருங்க!”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கருத்தக்கண்ணன் தோளில் இருந்த கயிற்றைக் கையில் எடுத்தான். ராம்கி கயிற்றையே பார்த்தான். போச்சு, கடை போச்சு, ஒரு வருசமாக விழுந்ததெல்லாம் வெறுமனே விழுந்ததுதானா? மூக்குக்குள் யூரியா வாடை வந்துவிட்டது. டிவிக்குள் அவன் மனுசன் அழ, டிவிக்கு வெளியே அவனும் அழத் தயாரானான்.

அந்த நேரம் பார்த்து, டிவி கிடுகிடுவென்று ஆடியது.

திரையின் ஓரத்தில் இருந்து ஒரு காலடி வந்தது. அதன் பின்னால் ஒரு தொந்தி வந்தது. தொந்திக்குப் பின்னால் மிச்ச ஆள் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோவணம் கட்டி, உச்சியில் கொண்டை போட்ட, மலை மாதிரி ஒரு பயில்வான். அழுதுகொண்டிருந்த மனுசனின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பலகையில் ஏறினான். பலகை வில்லாக வளைந்தது. குதித்தான்.

அதுதான் குதி! குளத்துத் தண்ணி பூராவும் மேலே போனது. நடுவர்கள் ஐந்து பேரும் நாற்காலியோடு அடித்துக்கொண்டு போனார்கள். மேடை கவிழ்ந்தது, சாய்குமாரின் மனுசன் திரையின் இந்தப் பக்கம் மிதந்து அந்தப் பக்கம் போனான். கடைசியில் பயில்வான், ராம்கியின் மனுசனைத் தோளில் தூக்கிவைத்து, கையில் தன்னைவிடப் பெரிய கப்பு ஒன்றைக் கொடுத்தான். வாணவெடி வெடித்தது.

ஒரு வட்டம்கூட வாங்காமல் தோற்றவனுக்கென்று ஜப்பான்காரன் ஒளித்துவைத்த வேலை அது. எந்த மகராசன் செய்தானோ, அவன் குலம் தழைக்கட்டும்.

“பயில்வான் எந்தப் பட்டன்லண்ணே வந்தான்?” என்று சாய்குமார் பரிதாபமாகக் கேட்டான்.

எல்லாரும் நல்லகாமனைப் பார்த்தார்கள். பெரிய மனுசன் சொன்னால் சரி. அவர் டிவியை வெகுநேரம் பார்த்தார்.

“கப்பு யாரு கையில இருக்கு?”

“ராம்கி மனுசன் கையில!”

“அப்ப மாப்ளதான் ஜெயிச்சாரு,” என்றார். சொல்லும்போது அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை.

தமிழ்ச்செல்விக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. “விழுந்தே ஜெயிச்சுட்டீகளே!” என்றாள்.

ராம்கி மார்பை நிமிர்த்திக்கொண்டு மச்சினன் முன்னால் போய் நின்றான். ஒரு வருசமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததை இறக்கிவைக்க இதைவிட நேரம் வாய்க்குமா?

“வார்த்தைன்னா வார்த்தை மச்சான். இனி நான் பேரையூர் வர மாட்டேன்.”

“இல்ல மாப்ள, விசயம் என்னன்னா…”

“ஒத்த வார்த்தை வேணாம்!”

“நான் சொல்ல வந்ததைக் கொஞ்சம்…”

“அந்தக் கடைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன். இது என் குலசாமி மேல சத்தியம்!” என்று டிவி மேல் அடித்தான். டிவி அணைந்துவிட்டது.

குலசாமி பேர் வந்த பிறகு நல்லகாமன் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சத்தியத்துக்குக் குறுக்கே பேசுகிற வழக்கம் அவர் வம்சத்தில் கிடையாது. நேராகச் சாய்குமாரிடம் போனார். அவன் ரிமோட்டைப் பிடித்தபடி இன்னும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, உங்க கடைய மூடிரணும்ல?”

“ஆமாங்க. சொல்லிட்டேன்ல.”

“எனக்குப் பேரையூர்ல கடையப் பாத்துக்க ஒரு ஆளு வேணும். வாரீகளா?” என்று குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னார்.

சாய்குமார் துள்ளி எழுந்தான். நல்லகாமன் கையைப் பிடித்துக்கொண்டான். “இன்னைக்கே வாரேன்ணே!” என்றான். மூஞ்சி ஜொலித்தது.

பாவம், பிழைக்க வழியில்லை என்றால் மனுசனுக்கு யூரியாகூட இனிக்கும்போல என்று ராம்கிக்கு இரக்கம் வந்துவிட்டது. ஜெயித்தவன் ஜெயித்தவனாக நடந்துகொள்ள வேண்டாமா? வேன் வரைக்கும் போய் வழியனுப்பிவைத்தான். நல்லகாமனும் சாய்குமாரும் முன்சீட்டில் ஏறி, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்த கருத்தக்கண்ணனிடம் போய், ராம்கி குரலைத் தாழ்த்தினான்.

“தம்பிய நல்லாப் பாத்துக்கப்பா. நாசூக்காத் தட்டிப் பழகுன கை, யூரியா மூட்டை தூக்கிப் பழக்கமில்ல.”

“யூரியாவா?” என்றான் கருத்தக்கண்ணன். “உரக்கடையத்தான் போன மாசமே வித்தாச்சேண்ணே! உங்களுக்குத் தெரியாம இருக்கட்டும், நேர்ல வந்து அசந்து போகட்டும்னு முதலாளி அங்க எட்டு டிவி, எட்டு கேம் பெட்டி, ஏசி எல்லாம் போட்டு, ‘ராம்கி வீடியோ கேம்ஸ்’னு பெரிய போர்டும் எழுதி வச்சிருக்காரு, இனி அதுல ‘ராம்கி’ய அழிச்சு ‘சாய்குமார்’னு மாத்தணும், இந்தப் பக்கம் பெயிண்டுக் கடை எங்கண்ணே இருக்கு?”